தபாலில் போன சிப்பாய்

தபால்பெட்டியில் கார்டைப் போட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் இல்க்வர்ஸுக்கு விபரீதம் புரிந்தது. மைத்துனனுக்கான கார்டு மேஜையிலேயே கிடந்தது. அதில், எஸ்தோனியாவிலுள்ள ஹெய்னோவுக்கு எழுத வேண்டிய குதிரை நகர்த்தல். அப்படியென்றால் ஹெய்னோவுக்குப் போனது, மைத்துனனுக்கு எழுத வேண்டிய சிப்பாய் நகர்த்தல்.

இரண்டு தபால் சதுரங்க ஆட்டங்களும் ஒரே மாதிரி தொடங்கியிருந்தன. மைத்துனனிடம் விளையாட்டாக ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கலாம். ஹெய்னோவுடன் டிரா செய்தால் மாஸ்டர் பட்டம். பதினோரு வருஷக் காத்திருப்பு அது.

"ராஜா வீட்டுக் கதவைத் திறந்து வெச்சுட்டேன், மிர்ஸா."

"போய்த் திருப்பி வாங்குங்க," என்றாள் மனைவி. "வெல்கா என்ன கடிச்சா திங்கப்போறா?"

அஞ்சலக வெல்கா கடிக்கவில்லை. "பெட்டிக்குள்ள விழுந்துட்டா அது அரசாங்கத்தோடது, வாத்தியாரே. காதல் கடிதமா இருந்தாலும் தர மாட்டேன்."

அங்கேயே நின்று ஹெய்னோவுக்குத் தந்தி கொடுத்தார்: 'பிஷப் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியது கைத்தவறு. மன்னிக்கவும். குதிரையே என் ஆட்டம்.' ஹெய்னோ மறுத்துவிட்டால்? ரீகாவிலிருந்த நடுவருக்கும் ஒரு வாக்குமூலம் எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினார்.

நடுவரின் பதில் முதலில் வந்தது. முதலில் அனுப்பியதாக ஒப்புக்கொண்ட சிப்பாய் நகர்த்தலே செல்லும். இரண்டு நகர்த்தல் அனுப்பியதற்கு எச்சரிக்கை.

ஹெய்னோவின் பதில் இன்னும் சுருக்கம். 'சிப்பாய்க்கு நன்றி. வெட்டிவிட்டேன்.'

"நன்றி வேற சொல்றான் பாரு."

"மரியாதை தெரிஞ்ச மனுஷன்," என்றாள் மிர்ஸா.

வேறு வழியில்லாமல் ஆடினார். ஆட்டம் இருவருக்குமே தெரியாத காட்டுக்குள் போனது. பதினான்கு மாதம் கழித்து, முப்பத்தெட்டாவது நகர்த்தலில், ஹெய்னோவே டிரா கேட்டு எழுதினார்: 'உங்கள் குதிரை ஆட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது.'

பட்டம் வந்த அன்றே இல்க்வர்ஸ் ஐந்து டூலிப் பூக்களும் ஒரு வட்டப் பாலாடைக்கட்டியுமாக அஞ்சலகத்தில் நின்றார்.

"அன்னைக்கு நீங்க இரக்கப்பட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்திருந்தா, குதிரையை ஆடித் தோத்திருப்பேன். இந்தப் பட்டமே உங்களுதுதான், வெல்கா."

வெல்கா பூக்களை முகர்ந்து பார்த்தாள். பாலாடைக்கட்டியைப் பத்திரமாக உள்ளே வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் பெட்டியைத் திறந்து பார்த்தா உங்க கார்டுல விலாசமே இல்ல, வாத்தியாரே, அது இன்னும் இங்கேதான் கெடக்கு, சிப்பாய் போனது உங்க தந்தியிலதான்."