சரளைமேட்டில் மூன்றடுக்குக் கேக்

மலை ஏறத் தொடங்கி அரை மணி நேரத்தில் எஞ்சின் இரண்டாவது முறையாக நின்றபோது, மார்லிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது காலால் தரையை மிதித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே சாலையே இல்லை. வெறும் பள்ளம்தான்.

"இறங்கி டயருக்குக் கட்டை வை," என்றார் அவள் கணவர் டெல்மர்.

டெல்மர் ஓய்வு பெற்ற தபால்காரர். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும், முப்பது வருஷம் பழைய இந்த வீட்டுவண்டியை நெப்ராஸ்காவில் ஒரு தம்பதியிடமிருந்து போன மாதம்தான் வாங்கியிருந்தார். மலைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில், மூன்று மணிக்கு மகனுக்குக் கல்யாணம். பின்னால், ஐஸ் மூட்டைகளுக்கு நடுவே, மார்லிஸ் இரண்டு நாள் நின்று செய்த மூன்றடுக்குக் கேக் இருந்தது. மணி பன்னிரண்டு.

"பெட்ரோல் ஃபில்டர்ல குப்பை அடைச்சிருக்கு," என்று வண்டிக்கடியில் படுத்து அதை மாற்றினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. "பாத்தியா? நீதான் சும்மா பயப்படுற."

"மெதுவா போ, டெல்மர். உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

அவர் எங்கே கேட்டார்? வளைவில் எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. மார்லிஸ் காலை ஊன்றிக்கொண்டு வாய்க்குள் ஜெபம் சொன்னாள். லாரி போய்விட்டது. எஞ்சின் நின்றுவிட்டது.

"பெட்ரோல் சூட்டுல ஆவியாயிடுது. குழாய் முழுக்கத் துணி மாட்டுற மரக் கிளிப் போட்டா சரியாயிடும். எங்கப்பா அப்படித்தான் மலை மலையா ஓட்டினாரு."

"உங்கப்பா ஓட்டினது டிராக்டர்."

இருபத்திரண்டு கிளிப்புகள் போட்டார். கல்யாணத்துக்காக மார்லிஸ் மாட்டி வைத்திருந்த நீலக் கவுனின் கிளிப்புகளும் அதில் சேர்த்தி. கவுன் தரையில் கிடந்தது. எஞ்சின் உடனே கிளம்பியது. உச்சிக்கு முன்னால் மறுபடி ஒரு வளைவு வந்தது, மறுபடி நின்றது.

இந்தத் தடவை டெல்மர் இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த எஞ்சின் மூடியைக் கழற்றி வீசினார். அனலும் இரைச்சலும் மார்லிஸின் முகத்தில் அடித்தன.

"கேக்குக்கு வச்ச ஐஸை எடுத்துட்டு வா. பெட்ரோலை ஏத்துற பம்ப் மேல போட்டுக்கிட்டே உக்காரு."

"கேக் உருகிடும்."

"கேக் முக்கியமா, நாம போய்ச் சேர்றது முக்கியமா?"

அவள் போய் ஐஸை எடுத்து வந்து பம்ப் மேல் போட்டதும் எஞ்சின் கிளம்பியது. மடியில் ஐஸ் மூட்டையுடன் இறக்கத்தில் இறங்கினார்கள். வேகமானி அறுபது மைலைத் தொட்டது. ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தின் அடியில் ஆறு நூல் மாதிரி தெரிந்தது. பிள்ளையின் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விடுவோம் என்று மார்லிஸுக்கு உறுதியாகத் தோன்றியது. ஐஸ் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

எஞ்சின் நின்றது. ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. பிரேக்கும் அப்படியே.

"பிரேக்கை மிதி, டெல்மர்."

"மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"நானுந்தான் மிதிக்கிறேன்," என்று அழுதாள் மார்லிஸ்.

பிரேக் போன லாரிகளுக்காக வெட்டி வைத்த சரளைமேட்டுக்குள் வண்டி புகுந்து, அச்சு வரை புதைந்து, நின்றது. பின்னால் ஏதோ மெத்தென்று விழுந்தது. என்ன விழுந்தது என்று இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, டெல்மர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சமர்த்தாக ஓடியது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இதுல பேய் இருக்கு, மார்லிஸ்."

உதவிக்கு டெல்மர் போன் செய்தபோது, வண்டியை இழுக்க ஆள் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா இருக்க முடியாமல், வண்டியை விற்றவருக்கே போன் போட்டார். அவர் மீன் பிடிக்கப் போயிருந்தார். எடுத்தது அவர் மனைவி ஹாரியட். டெல்மர் ஃபில்டர், கிளிப், ஐஸ், சரளைமேடு என்று மூச்சுவிடாமல் கத்தித் தீர்த்தார்.

"வண்டில உங்க பொண்டாட்டி இருக்காங்களா? அவங்ககிட்ட குடுங்க," என்றாள் ஹாரியட்.

மார்லிஸ் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அவருக்குக் கேக்காத இடமா கொஞ்சம் தள்ளி வா, கண்ணு."

மார்லிஸ் இறங்கிச் சரளையில் பத்தடி நடந்தாள். "வந்துட்டேன். சொல்லுங்க."

"உன் வலது காலுக்கடியில கார்பெட் கொஞ்சம் மேடா இருக்கும் பாரு, எங்க வீட்டுக்காரர் பறக்குற பறப்புக்குப் பயந்து எஞ்சினை நிறுத்த நான் ரகசியமா வச்ச பொத்தான் அது, அவரு ஆறு வருஷம் காரணம் தேடி வெறுத்துப்போய்த்தான் உங்களுக்கு வித்தாரு, உன் ஆளுகிட்டயும் சொல்லிடாத, ஆனா சமதரையில மட்டும் மிதி."