ஹர்ஷாவின் ஃபைலில் டிராகன் புகுந்தது பற்றி சம்பந்திக்கு

முடிச்சூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ராகவேந்திரா அவர்களுக்கு, சுப்ரமணியன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி வேதா, மகன் ஹர்ஷா, உங்கள் மகள் ஸ்நேகா நால்வரும் சௌக்கியம். அங்கு ஓசூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாகவும், தங்கள் சர்க்கரையும் அம்மாளின் கோபமும் கட்டுக்குள்ளும் இருக்கப் பிரார்த்திக்கிறேன். இதைப் போனிலேயே பேசியிருக்கலாமே என்று தோன்றும். போனில் இந்த ஆறு வருஷத்தில் நீங்கள் என்னை ஒரு வாக்கியத்தையும் முடிக்க விட்டதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை என்பதால் பேனாவை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். அங்கு ஓசூரில் உங்கள் தம்பியின் பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஹர்ஷா வருகிறானா, இல்லையா. அதற்குப் பதினைந்தாம் தேதிக்குள் பதில் வேண்டும் என்றீர்கள். அடுத்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஹாலில் சூதாட்டம் நடக்கிறதா என்பது. மகளோடு வீடியோவில் பேசும்போது அவள் போனைத் திருப்ப, மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் பகடை உருட்டிக்கொண்டு "கொல்லு, கொல்லு, விடாதே" என்று கத்தியதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் வரிசையாகத்தான் சொல்ல வரும்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, ஹர்ஷா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டரில் ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது இட்லி முடிவதற்குள் பதினொரு வருஷ வேலை முடிந்துவிட்டது. அவனோடு சேர்த்து அந்தப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் அதே மீட்டிங்தான். நான் ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். ஒரு கடைநிலை ஊழியரை வேலையை விட்டு எடுக்க வேண்டுமானால்கூட மெமோ, விளக்கம், விசாரணை, மேல்முறையீடு என்று மூன்று வருஷம் ஆகும், அதற்குள் அவரே ரிட்டயர் ஆகிவிடுவார். "மேலதிகாரியிடம் போய்ப் பேசுடா" என்றேன். "மேலதிகாரியும் அந்த மீட்டிங்ல என் பக்கத்துக் கட்டத்துலதான்பா இருந்தார்" என்றான்.

அன்றிலிருந்து அவன் வேலை தேடுவதையே ஒரு வேலையாகச் செய்கிறான். ஒன்பது மணிக்குக் குளித்து, விபூதி இட்டு உட்கார்ந்தால் ஆறு மணிவரை விண்ணப்பம். அனுப்பி நாலு நிமிஷத்தில், வருந்துகிறோம் என்று பதில் வந்துவிடுகிறது. நாலு நிமிஷத்தில் யார் படித்தார்கள், யார் வருந்தினார்கள் என்று கேட்டால், அதுவும் மிஷின்தானாம். அப்படியும் ஒரு பெங்களூர் கம்பெனி வீடியோவில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. கோட்டு போட்டால் நல்லது என்றார்கள். அவனுடைய கோட்டு 2015 வெள்ளத்தோடு போனது, அப்புறம் வாங்கவில்லை. நான் என்னுடைய டிக்கெட் பரிசோதகர் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அதில் என் பெயர் பொறித்த பித்தளை வில்லை குத்தியே இருந்ததை நானும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை. எதிரில் இருந்தவர் முதல் கேள்வியே "ஹர்ஷா, சுப்ரமணியன் என்பது யார்?" என்று கேட்டாராம். அதையும் சிரித்துச் சமாளித்து, நெருக்கடி நேரத்தில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்ற கேள்விக்கு அவன் நன்றாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் தண்ணி லாரி வந்தது. டிரைவர் சவுரிமுத்து நேரே ஹால் ஜன்னலுக்கு வந்து, "இன்னா சார், எவ்ளோ நேரமா ஆரன் அட்ச்சிகினு கீறேன், கண்டுக்காம டிவி பாத்துகினு கீறியே! சம்ப்பு மூடியத் தொற சார், இன்னும் நாலு வூட்டுக்குப் போவணும்" என்றார். ஹர்ஷா "ஒரு நிமிஷம்" என்று எழுந்தான். மேலே கறுப்புக் கோட்டு, கீழே கட்டம் போட்ட கைலி. பெங்களூர்க்காரர்களும் பிறகு வருந்தினார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். வருகிறவர்கள் பொத்தேரி, சேலையூர், ஊரப்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள், எல்லோரும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், அதில் மூன்று பேருக்கு இப்போது வேலை இல்லை. பகடை உண்டு, அதற்கு இருபது முகம். பணம் கிடையாது. ஓடுகிற ரயிலில் முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்தவன் நான். சமையலறை வாசலில் நின்று மூன்று வாரம் வேவு பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆட்டம் என்னவென்றால், ஒருவர் கதை நடத்துவார், அது ஹர்ஷா. மற்றவர்களுக்கு அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம், ஒருத்தர் வீரர், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். "பாலம் உடைஞ்சிருக்கு, நீ என்ன செய்யறே?" என்று ஹர்ஷா கேட்பான். தாண்டுகிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் தாண்டலாம், சின்ன எண் விழுந்தால் ஆற்றில் விழலாம். முப்பத்தைந்து வயசுப் பிள்ளைகள் இதை மதியம் இரண்டிலிருந்து ஏழு வரை செய்கிறார்கள். வேதா இரண்டு தடவை காபியும் ஒரு தடவை வெங்காய பஜ்ஜியும் கொடுக்கிறாள். நான் முதலில் கோபப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. வேலை இல்லாதவனுக்கு விளையாட்டு என்ன வேண்டியிருக்கிறது என்று அவன் காதுபடவே சொன்னேன்.

போன மாதம் கிறிஸ்டினா என்ற பெண்ணுக்குப் புனேயில் வேலை கிடைத்து ஒரு நாற்காலி காலியானது. "அப்பா, நீங்க வந்து உக்காருங்களேன், ஆள் குறையுது" என்றான் ஹர்ஷா. குற்றத்தை உள்ளே இருந்தே பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். என்ன வேஷம் என்று கேட்டார்கள். எனக்கு வாள் வீசத் தெரியாது, மந்திரம் தெரியாது, திருடனாக இருக்க மனசு ஒப்பாது. டிக்கெட் பரிசோதகர் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஹர்ஷா சிரிக்காமல் ஒரு தாளில் "பரிசோதகர், பொய்யைக் கண்டுபிடிப்பதில் வல்லவர்" என்று எழுதி என் முன்னால் வைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு குகை வந்தது, வாசலில் டிராகன். எல்லோரும் வாளை உருவினார்கள். என் முறை வந்தது. "நீங்க என்ன செய்யறீங்க?" என்று கேட்டான். ரிட்டயர் ஆகி எட்டு வருஷத்தில் நான் என்ன செய்யப்போகிறேன் என்று யாரும் என்னிடம் அவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை. "டிராகனிடம் டிக்கெட் கேட்கிறேன்" என்றேன். பகடையில் இருபது விழுந்தது. அதற்கு மேல் எண்ணே கிடையாதாம். மந்திரவாதிப் பையன் நாற்காலி மேலே ஏறி நின்றுவிட்டான்.

டிராகனுக்காகப் பேசுவதும் ஹர்ஷாதான். அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னது: "டிக்கெட் இல்ல சார். ராஜாவோட புதையலக் காவல் காக்கத்தான் என்னை இங்க வெச்சாங்க. முந்நூறு வருஷம் ஆச்சு. புதையல வேற எடத்துக்கு மாத்திட்டாங்க, எனக்கு யாரும் சொல்லல. எனக்கு வேற வேலையும் தெரியாது. எங்க போகட்டும் சார்?" விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் குரல் இறங்கிவிட்டது, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. வீட்டில் ஐந்து மாதமாக ஒரு வார்த்தை சொல்லாத பிள்ளை, ஐந்து பேர் நடுவில் டிராகன் பெயரைச் சொல்லி அப்பாவிடம் பேசுகிறான் என்று எனக்குப் புரிந்தது. நான் அபராதம் போடவில்லை, சம்பந்தி. "பக்கத்தில் உட்கார், அடுத்த ஸ்டேஷன் வரட்டும், பார்க்கலாம்" என்றேன். சர்வீஸில் அப்படி நான் யாரையும் விட்டதில்லை.

இத்தோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். வெள்ளத்தில் ஹர்ஷாவின் பட்டச் சான்றிதழ் நனைந்து, நானும் வேதாவும் ஃபேனுக்கு அடியில் பிடித்து உலர்த்தியது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்தத் தாள் கிடந்தாலும் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலில் சொருகுவது என் பழக்கம். போன வாரத்துக்கு முந்தின வாரம் சிறுசேரியில் ஒரு கம்பெனி நேரிலேயே வரச் சொன்னது. ஒரிஜினல்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தவன் நான்தான். அதில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கும் அனுபவச் சான்றிதழுக்கும் நடுவே, ஹர்ஷா டிராகனுக்காக எழுதி வைத்த தாளும் உறை போட்டு உட்கார்ந்திருந்தது. வேலை: காவல். அனுபவம்: முந்நூறு வருடம். திறமை: தூங்காமல் இருத்தல், நெருப்பு. குறை: புதிதாக எதையும் கற்கப் பயம். நேர்முகத் தேர்வு நடத்திய மிருதுளா என்ற அம்மாள் அதை முழுக்கப் படித்துவிட்டு, "இந்த கேண்டிடேட் ஏன் வேலையை விட்டார்?" என்று கேட்டிருக்கிறார். இவன், "அவர் விடல மேடம், அவர் காத்த பொருள்தான் போயிடுச்சு" என்றிருக்கிறான். அந்த அம்மாள் அதன்பின் முக்கால் மணி நேரம் கம்ப்யூட்டர் கேள்வியாகக் கேட்டாராம். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பதினொரு நாள் ஆயிற்று, தகவல் இல்லை. ஹர்ஷா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அந்த வேலை போயிருந்தால் அதற்கு நான்தான் காரணம். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஸ்நேகா பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறாள், பரீட்சைத் தாள் திருத்துகிறாள், எங்களிடம் முகம் கோணியதில்லை. ஓசூர் பற்றி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மகள் கஷ்டப்படுகிறாள் என்று நீங்கள் போனில் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. ஆகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஹர்ஷா ஓசூர் வருவான். ஸ்டோர்ஸ் வேலை கௌரவமான வேலை. போல்ட்டும் நட்டும் எண்ணினாலும் மாசம் பிறந்தால் சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் இந்த வாரத்தோடு நிறுத்தப்படும், ஆட்டச் சாமான் பெட்டிகள் லாஃப்டுக்குப் போகும். தங்கள் தம்பியிடம் சம்மதம் என்று சொல்லிவிடலாம்.

சம்பந்தியம்மாளுக்கு வேதாவின் அன்பான விசாரிப்பு. குலதெய்வம் இரண்டு குடும்பத்தையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மு. சுப்ரமணியன்

பின்குறிப்பு (வியாழன் காலை): கடிதத்தை ஒட்டாமல் மேஜையில் வைத்திருந்தேன், ஹர்ஷா படித்துவிட்டான். சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் இதை அன்றைக்கே தபாலில் போட்டிருப்பேன். அவன், "சரிதான்பா, போஸ்ட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டப் பெட்டிகளை எல்லாம் அவனே லாஃப்டில் ஏற்றினான். நேற்று ஒன்பது மணிக்குக் குளிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. நாள் பூரா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "பையன் தோத்துட்டான்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க" என்று வேதா சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதுவும் என்னை அப்படிச் சுட்டதில்லை. எனவே மேலே கண்ட என் முடிவு ரத்து. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் என் புத்தி போன வழி உங்களுக்கும் தெரிவது நல்லது என்று அப்படியே அனுப்புகிறேன். அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, எப்போது கிடைக்கும் என்றும் தெரியவில்லை. அவன் தேடட்டும், நாங்கள் இருக்கிறோம். ஸ்டோர்ஸ் வேலையை அதை விரும்புகிற ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லித் தம்பியிடம் என் மன்னிப்பைத் தெரிவியுங்கள். இன்று விடிந்ததும் முழங்கால் வலியைப் பார்க்காமல் ஏணி போட்டு ஏறி, பெட்டிகளை நானே கீழே இறக்கிவிட்டேன். மகள் என்ன நினைக்கிறாள் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டது அவள்தான்.