பதினேழாவது டிஸ்க்

என் மகன் கல்யாண வீடியோவை நானே டிஸ்க்கில் எழுதி, சொந்தக்காரர்களான நாற்பது உறம்பரை வீட்டுக்கும் என் கையாலேயே கொடுப்பது என்று ஒரு முடிவு எடுத்தேன். ஆண்பிள்ளை இந்த மாதிரி முடிவு எடுக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்து தடுக்க வேண்டும். என் மனைவி சாந்தாமணி இருந்தாள். தடுத்தாள்.

“ஏனுங்க, இந்தக் காலத்துல யாருங்க டிஸ்க்கு பாக்கறாங்க? போன்ல அனுப்பிச்சுப்போட்டா ஆச்சு.”

“போன்ல அனுப்பிச்சா அழிச்சுப்போடுவாங்க அம்மணி. டிஸ்க்குன்னா தலமொறைக்கும் நிக்கும்.”

“அதுதானுங்க எனக்கும் பயம்” என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு சூலூரில் பன்னிரண்டு விசைத்தறி. முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்குள்ளேயே குடியிருந்ததில் என் இடது காது பெயருக்குத்தான் இருக்கிறது. குரல் மட்டும் நன்றாக இருக்கிறது. மகன் கவின் கல்யாணத்தில் வரவேற்புரை நான்தான். வீடியோக்காரரிடம் சொல்லி சட்டையில் காலர் மைக் மாட்டிக்கொண்டேன். பேச்சு முடிந்த பிறகும் கழற்ற மனசு வரவில்லை. கடைசிப் பந்தி வரைக்கும் அதோடுதான் மண்டபத்தைச் சுற்றினேன்.

வீடியோவை வெட்டி ஒட்டியதும் நானே. மூன்றே முக்கால் மணி நேரம் வந்தது. அதில் நான் இல்லாத இடம் தாலி கட்டுகிற இடம் மட்டும்தான். அங்கே கவின் மறைத்துவிட்டான்.

இதெல்லாம் ஆசைக்கு. அவசரத்துக்குக் காரணம் என் அக்கா ராசாத்தாள். பவானியில் இருக்கிறாள். நாலு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவள். அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சி முடித்த பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன் என்பது வழக்கு. கவின் கல்யாணத்தில்தான் சமாதானமாகி, மருமகள் வர்ஷினிக்கு அத்தை சீராகத் தட்டில் பட்டுச்சேலை வைத்துக்கொண்டு வந்தாள். புதுமணத் தம்பதிக்கு விருந்து அவள் வீட்டில், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு. போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“தம்பி, என்ற ஊட்டு டிவிக்கு டிஸ்க்குதான் ஆகும். நான் சீர்த்தட்டு கொண்டாந்தத என்ற சம்பந்தகாரங்க பூராம் பாக்கோணும். டிஸ்க்கு இல்லாம வந்தீன்னா வீடியோவுல என்னைய வெட்டிப்போட்டீன்னுதான் நெனப்பேன்.”

இன்னொரு நாலு வருஷம் தாங்காது. ஐம்பது டிஸ்க் கொண்ட டப்பா ஒன்று வாங்கிவந்து பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் மூலை மீது சாந்தாமணிக்கு ரொம்ப நாளாகக் கண். சமையலறையில் இடமில்லாமல் அவள் கிரைண்டர் ரெண்டு வருஷமாக வராந்தாவில் மழைக்கு நனைகிறது.

ஒரு டிஸ்க் எழுத அரைமணி நேரம் ஆகும். எழுதி முடித்ததும் தட்டு தானாக வெளியே வரும். திரும்ப உள்ளே தள்ளிச் சரிபார்க்க வேண்டும். முதல் டிஸ்க்கைப் போட்டேன்.

“அது பாட்டுக்கு எழுதட்டுங்க. நீங்க போயி பேக்கரில ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்க” என்றாள் சாந்தாமணி. இந்த வீட்டில் இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னை டீக்கடைக்கு அனுப்பியது அதுதான் முதல் தடவை. நானும் நெகிழ்ந்துபோய் ஒரு தேங்காய் பன்னும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

‘வெற்றிகரமாக எழுதப்பட்டது’ என்றது திரை. தட்டு வெளியே நீட்டியிருந்தது. உள்ளே தள்ளினேன். ‘இது காலி டிஸ்க். என்ன எழுத வேண்டும்?’ என்று கேட்டது.

தான் எழுதியதைத் தானே படிக்கத் தெரியாத இயந்திரத்தை அன்றுதான் பார்த்தேன். கடையில் வாங்கிய பழைய பட டிஸ்க்கைப் போட்டேன். கணீரென்று ஓடியது. அடுத்தவன் எழுதியதெல்லாம் படிக்கிறது. தன் கையெழுத்துதான் அதற்குப் புரியவில்லை.

அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் மூன்று. எல்லாம் காலி. டிஸ்க் கம்பெனியை மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். சாந்தாமணி தன் பங்குக்குப் பெட்டியின் நெற்றியில் திருநீறு பூசினாள்.

ஒருநாள் அசையாமல் கூடவே உட்கார்ந்து பார்ப்பது என்று உட்கார்ந்தேன். தொண்ணூற்றைந்து சதவீதம் வந்தது.

“ஏனுங்க, நல்ல தண்ணி வந்துருச்சு. ஓடுங்க, ரெண்டு கொடம் புடிங்க.”

பிடித்துக்கொண்டு வந்தேன். காலி. குடம் அல்ல, டிஸ்க்.

கடைசியில் கம்ப்யூட்டர் மெக்கானிக் சாமுவேலை வரவழைத்தேன். அவர் என் தோற்றுப்போன டிஸ்க்குகளில் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்ணா, இதுல எழுதவே இல்லீங்களே. எழுதியிருந்தா அடிப்பக்கம் உள்வட்டம் நெறம் மாறி, வளையமாட்டத் தெரியுமுங்க.”

“எழுதிட்டேன்னு சொல்லுதுங்களே!”

“பொய் சொல்லுதுங்ணா.”

பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போய் அங்கே ஏதோ சினிமாப் பாட்டை ஒரு டிஸ்க்கில் எழுதிப் பார்த்தார். அருமையாக எழுதியது, படித்தது. வீட்டுக்கு வந்தது. எழுதியது, படிக்கவில்லை.

“ஊட்டுலதானுங்க ஏதோ கோளாறு” என்று சொல்லிவிட்டு சாமுவேல் வண்டியை எடுத்தார். கிளம்பும்போது சாந்தாமணி அவருக்கு ஒரு பை முருங்கைக்காய் கொடுத்தாள்.

அன்று படுத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு விடை பளிச்சென்று தெரிந்தது. தறி! பக்கத்துக் குடோனில் பன்னிரண்டு தறி அடிக்கிறது. அந்த அதிர்வில் டிரைவுக்குக் கை நடுங்குகிறது. மறுநாள் காலை பன்னிரண்டு தறியையும் நிறுத்தினேன். ஆயுத பூஜைக்கே மத்தியானம் வரை ஓட்டுகிறவன் நான். ஊரே வாசலுக்கு வந்து யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தது. நான் பதினேழாவது டிஸ்க்கைப் போட்டேன். ஊசி விழுந்தால்கூட எனக்கே கேட்கும் போலிருந்தது.

தொண்ணூற்றாறு சதவீதம்.

“ஏனுங்க, தறி நின்னுபோச்சுன்னு ஆளுக பூராம் கெளம்பறாங்க. போயித் தடுங்க. போனா இன்னிக்குத் திரும்பி வரமாட்டாங்க.”

ஓடினேன். ஒருவரும் கிளம்பவில்லை. வரிசையாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தேன்.

‘இது காலி டிஸ்க்’ என்றது திரை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிஸ்க்குக்காக இல்லை. அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான்.

ஞாயிறு வந்தது. பவானியில் அக்கா வீட்டில் வாழையிலை விரித்து ஒன்பது கறி, ரெண்டு பாயசம். எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. சாப்பாடு முடிந்து சம்பந்தகாரர்கள் எல்லாம் டிவி முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா கையை நீட்டினாள்.

“டிஸ்க்கு எங்கடா தம்பி?”

சாந்தாமணி கைப்பையைத் திறந்தாள்.

என் அக்காவை, நாத்தனார் முறையில், அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். “இந்தாங்க நங்கையா. கவின் அவனே எழுதி எங்கிட்டக் குடுத்தானுங்க.”

டிஸ்க் ஓடியது. அக்கா சீர்த்தட்டோடு மண்டபத்துக்குள் நுழைகிற இடம் வந்தது. அந்த நேரம் பார்த்து கெட்டிமேளம் முழங்கியது. தாலி கட்டி ஒரு மணி நேரம் கழித்துக் கெட்டிமேளமா? நான் விழித்தேன். அக்காவோ நெஞ்சை நிமிர்த்தினாள்.

“பாத்தீங்களா, நான் வர்றப்ப மேளத்த!” என்று சம்பந்தியம்மாவின் தொடையில் தட்டினாள். பிறகு என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். “சாந்தாமணி, நீதாங்கண்ணு இந்தக் குடும்பத்துக்கே பொறுப்பு.”

சந்தோஷம்தான். ஆனாலும் என் டிரைவ் மானம் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம். திரும்பி வரும்போது சத்தியமங்கலம் வழியாக வந்து, சாந்தாமணியின் தம்பி ரவிக்குமார் தோட்டத்தில் இறங்கினோம். அரை ஏக்கர் தக்காளி. வரப்பு நெடுகக் குச்சி நட்டு, குச்சிக்கு ஒரு டிஸ்க் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். வெயிலில் பளபளவென்று சுழன்றுகொண்டிருந்தன.

“மயிலுத் தொந்தரவு தாங்க முடீலீங்க மச்சான். அக்காதான் இதக் குடுத்துவிட்டாங்க. இப்ப ஒரு மயிலும் கிட்ட வர்றதில்லீங்க.”

ஒன்றைக் கையில் பிடித்துத் திருப்பினேன். அடிப்பக்கம் நிறம் மாறி ஒரு வளையம். அடுத்ததைத் திருப்பினேன். வளையம். அதற்கடுத்ததும் வளையம். என் மூன்றே முக்கால் மணி நேரக் காவியத்தைப் பார்த்துத்தான் மயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அம்மணி!” என்றேன். பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்து நின்றது.

சாந்தாமணி சாவகாசமாக வந்தாள். “நாந்தானுங்க மாத்துனேன். தட்டு வெளிய வந்த ஒடனே எழுதுனத எடுத்துப்போட்டு, டப்பாவுல இருந்து காலி ஒண்ண வெச்சேன். உங்க டிரைவு தங்கமானதுங்க. அத வையாதீங்க.”

“ஏன் இப்படிப் பண்ணுன? தறியெல்லாம் நிறுத்துனனே!”

அவள் போனை எடுத்து என் வலது காதில் வைத்தாள். கெட்டிமேளம் இல்லாத அசல். அக்கா சீர்த்தட்டோடு நுழைகிற இடம். காலர் மைக்கில் என் குரல், நான் ரகசியம் என்று நினைத்துப் பேசிய அதே குரல்:

‘அம்மணி, அந்தச் சேலையப் பாத்தியா? அவ மகன் கல்யாணத்துக்கு நாம வெச்ச அதே சேலை. பெட்டிகூட மாத்துல. பாச்சை உருண்டை வாசம் இங்க வரைக்கும் அடிக்குது. மச்சானப் பாரு, மூணாவது பந்திக்கும் எலை போட்டு உக்காந்துட்டாரு.’

தக்காளிச் செடிகளுக்கு நடுவில் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

“இது... எனக்குக் கேக்கவே இல்லியே?”

“ஸ்பீக்கர நீங்க எடது காதுப் பக்கம் வெச்சிருக்கறீங்க. எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டுதுங்க. கவினக் கூப்புட்டுச் சொன்னேன். அந்த எடத்துல மேளத்தப் போட்டு மூடிக் குடுத்தான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அக்காவுக்குப் போனப் போட்டு ‘என்ன மன்னிச்சுரு’ன்னு அழுதிருப்பீங்க. எதுக்குடான்னு அவிய கேட்டிருப்பாங்க. நீங்களே பூராத்தையும் சொல்லியிருப்பீங்க.”

உண்மைதான். அந்தச் சமயத்திலும் கை போன் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. என் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருப்பவள் எப்பேர்ப்பட்டவள் என்று இருபத்தெட்டு வருஷம் கழித்துப் புரிந்தது. நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது ஒரு சந்தேகம். வரப்பில் நடந்து டிஸ்க்குகளை எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன்.

“அம்மணி, நான் எழுதுனது பதினேழு. இங்க பதினாறுதான் இருக்குது.”

“ஆமாங்க.”

“அந்தப் பதினேழாவது?”

“என்ற பீரோல பத்தரமா இருக்குதுங்க” என்றாள் சாந்தாமணி. “நங்கையா ஊட்டு டிவிக்கு டிஸ்க்குதான ஆகும்?” கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “ஏனுங்க, அந்தக் கம்ப்யூட்டர் மூலைய எப்பங்க காலி பண்ணித் தாரீங்க?”

இப்போது அந்த மூலையில் கிரைண்டர் ஓடுகிறது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாவரைத்து வழித்துக் கொடுப்பது நான்தான்.