நாலை அரையால் வகுத்தால்

"நாலை அரையால வகுத்தா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எட்டு மிஸ்!" என்றது வகுப்பு.

எப்படி வந்தது என்று கேட்க வாயெடுப்பதற்குள், "தலைகீழாப் போட்டுப் பெருக்கணும் மிஸ்!" என்றது. அதோடு விடாமல், அவள் இன்னும் கேட்காத கேள்விகளுக்கும் வரிசையாக விடை சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து யார் வந்தாலும் இதே பள்ளி, இதே வகுப்பு, இதே பாடம்தான். சீனியர் எழுதிய பாடத்திட்டத்தை ஜூனியர் காப்பியடிப்பது அங்கே பரம்பரைச் சொத்து. பிள்ளைகளுக்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

இன்று அவளுக்குச் செய்முறைத் தேர்வு. தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோற்றால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு வீட்டில் மல்லுக்கட்டிப் படிக்க வந்தவளுக்கு அந்த இன்னொரு வருடம் கிடைக்காது. "இதோட சரி" என்று கணவன் முன்பே சொல்லிவிட்டான்.

ஆனால் கல்லூரியில் அவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். அந்த வாய் சும்மா இருக்குமா?

"வகுத்தா குறையத்தானே செய்யணும்? நாலு ஏன் எட்டாச்சு?"

முன் பெஞ்சு ரெட்டைச் சடைக்காரி எழுந்தாள்.

"மிஸ், இந்தக் கேள்வியை யாரும் கேக்க மாட்டாங்களே!"

ஜன்னலுக்கு வெளியே நின்ற அவளுடைய கல்லூரிப் பேராசிரியை, கொண்டுவந்த சார்ட்டைக் காட்டும்படி ஜாடை செய்தார். அவள் விரித்துப் பார்த்தாள். 'தலைகீழாக்குக' என்று ஜிகினாவில் எழுதியிருந்தது.

"இதுல ஒண்ணும் இல்ல" என்று சுருட்டி மூலையில் போட்டாள். பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார்.

விளக்கிக் காட்டத் தாள் வேண்டும். தேர்வாளர் இன்னும் கையெழுத்துப் போடாத பாடத்திட்டத்திலிருந்து நாலு தாளைச் சரக்கென்று கிழித்தாள். ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிழித்துக் கொடுக்க, வாங்குவதற்கு அடிதடி. வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது.

"இப்பச் சொல்லுங்க, ஏன் எட்டு?"

கடைசி பெஞ்சில் தேர்வாளரின் கை உயர்ந்தது. நிறுத்தச் சொல்கிறார்! அவள் நிறுத்தவில்லை.

"கையை இறக்குங்க சார். பிள்ளைங்க யோசிக்கட்டும்."

அவர் இறக்கினார். அடுத்த நொடியே பாதி எழுந்து மறுபடியும் தூக்கினார்.

"உக்காருங்க சார்!"

பேராசிரியை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரெட்டைச் சடைக்காரி கத்தினாள்: "மிஸ், நாலு தாள்ல எத்தனை அரை இருக்குன்னுதானே கேக்கறோம்? அதான் எட்டு!"

வகுப்பே "ஆமால்ல!" என்றது. அதற்குள் மணி அடித்துவிட்டது. கரும்பலகைச் சுருக்கம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பாடத்திட்டத்தில் பாதி இல்லை.

பேராசிரியை உள்ளே பாய்ந்தார். "தொலைஞ்சே நீ! அவர் நிறுத்தச் சொல்லி ரெண்டு தடவை கை தூக்குறாரு, உக்காரச் சொல்றியே!"

"புரியப்போற நேரத்துல யார் சொன்னாலும் நிறுத்த மாட்டேன் மேடம். ஃபெயில் போடட்டும். மறுபடி விட்டாலும் இப்படித்தான் நடத்துவேன்."

தேர்வாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"நிறுத்தச் சொல்லி யாருங்க கை தூக்கினா? இத்தனை வருஷமா இந்தப் பாடத்துக்கு மார்க் போடறேன், ஏன்னு இன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. முதல்ல கை தூக்கினது நான், நீங்க அந்தப் பொண்ணைச் சொல்ல விட்டுட்டீங்களேம்மா!"