நூறாவது லெவல் கல்லும் டைனியின் வயிறும்

கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒன்றின் முன்னால், ஞாயிறுதோறும் நாய்கள் வரிசையில் நின்றன. ரேஷன் கடையில் மனிதர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக நிற்பதில்லை. பொமரேனியன், லேப்ரடார், ராட்வைலர், அப்பா யாரென்று தெரியாத தெருநாய், எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை. சாதி பார்க்காத இடம் ஊரில் ஒன்று இருக்கிறது என்று முதல் வாரம் எழுதி வைத்தேன். அடுத்த வாரம் ராட்வைலர்களுக்குத் தனி வரிசை போட்டார்கள். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

வந்தவை எல்லாம் கர்ப்பிணி நாய்கள். எல்லாவற்றின் மேலும் தலை முதல் வால் வரை மஞ்சள் துணி. திருஷ்டி படக்கூடாதாம். உள்ளே ஓர் உயரமான ஸ்டூலுக்குப் பக்கத்தில் லெவல் சாமி.

லெவல் சாமியின் சொந்தப் பெயர் மனோகர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்காருப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் செல்போன் கவர் விற்றவர். ஒரு நாள் அவருக்கு ஒரு கல் கிடைத்தது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் நூறாவது லெவலில், அதாவது பூமிக்கடியில் நூறாவது தளத்தில், பாறை வெடித்துச் சிதறிய இடத்திலிருந்து வந்த கல்லாம். இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே இருந்ததால் அதற்கு இருட்டுக்குள் இருப்பதெல்லாம் தெரியுமாம். வயிற்றுக்குள்ளும் இருட்டுதானே. இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நான் கொஞ்சம் மெதுவாக யோசிக்கிறவன்.

கல்லைச் சிவப்பு நூலில் கட்டி நாயின் வயிற்றுக்கு மேலே தொங்கவிடுவார். அது வட்டமாகச் சுற்றினால் பெண் குட்டி, நேராக ஆடினால் ஆண் குட்டி. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு மணி அடிக்கப்படும். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றிய இரும்புக் கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு, அடித்த மணி மாதிரியே. அடிப்பவர் தங்கவேலு பெரியப்பா. சர்வீஸ் முழுக்க ஷாஃப்ட் குழியின் வாயில் நின்று நிஜமாகவே கேஜ் மணி அடித்தவர். அவர் கை பட்டாலே கூட்டத்துக்கு மெய் சிலிர்த்தது.

வேறு ஊராக இருந்தால் இந்தக் கல்லை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் மூன்று தலைமுறை பூமிக்குள் போய் வந்திருக்கிறது. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கீழேயிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் ரோட்டு ஜல்லிக்குக்கூட நாங்கள் எழுந்து நிற்போம்.

சாமி பணம் வாங்குவதில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் பக்தர்களானார்கள். கல்லுக்குக் காணிக்கை ஒரு குட்டி. ஐந்துக்கு மேல் சொன்னால் இரண்டு. பிறந்தது குறைந்தாலும் காணிக்கை குறையாது. கல் பெரும்பாலும் ஐந்துக்கு மேல்தான் சொன்னது. கல்லுக்குச் சேர்ந்த குட்டிகள் பெங்களூரில் நல்ல விலைக்குப் போயின. கல் விலை பேசவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கேன் மட்டும் எடுக்கவே கூடாது என்பது சாமியின் முதல் கட்டளை. இதற்குச் சாட்சி தங்கவேலு பெரியப்பாவின் நாயே. நாய் இணை சேர்ந்து பத்து நாளில் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தார். திரையில் ஒன்றுமில்லை. சாமியிடம் வந்தார். ஆறு என்றது கல். நாலு பிறந்தது. மெஷின் பூஜ்யம், கல் நாலு. ஊரே வாயைப் பிளந்தது. மீதி இரண்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. தாய் தின்றிருக்கும் என்று சாமி கேட்காமலேயே சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தூரத்து வேடிக்கையாகத்தான் இருந்தது, எங்கள் டைனி கர்ப்பமாகும் வரை.

டைனி என் அத்தை சௌந்தரத்தின் நாய். ராபர்ட்சன்பேட்டையில் அத்தைக்கு வளையல் கடை. கல்லாவுக்குக் கீழே டைனி. போன தடவை அவள் இரண்டு குட்டி போட்டுவிட்டு அமைதியாகப் படுத்தாள். முடிந்தது என்று அத்தை சுத்தம் செய்து, பால் வைத்து, கடையைத் திறந்தாள். மூன்றாவது உள்ளேயே சிக்கியிருந்தது. குட்டி போயிற்று. டைனி பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே கேள்வி: உள்ளே எத்தனை என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தக் கேள்வி நியாயமானது. அதைத்தான் அத்தை கோரமண்டலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஏழு என்று பதில் வாங்கிக்கொண்டு வந்தாள். ஸ்கேன் வெளிச்சம் பட்டால் குட்டிகள் உள்ளேயே கல்லாகிவிடும் என்ற எச்சரிக்கையும் இலவசம்.

எனக்கு அது பொய் என்று தோன்றியது. ஆனால் எனக்குத் தோன்றுவதெல்லாம் சரியாக இருந்ததில்லை. அதனால் கால்நடை டாக்டர் லவினாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல், எண்ணிக்கை தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். போன பிரசவத்தைச் சொன்னேன்.

"அப்போ பாக்கத்தான் வேணும்," என்றார். "ஆனா இப்போ இல்ல."

டைனி சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இப்போது ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது, ஒரு மாசம் தாண்டட்டும் என்றார். அப்போது கர்ப்பம் உண்டா, குட்டிகளுக்கு இதயம் துடிக்கிறதா என்று பார்க்கலாம். சில நாய்களுக்குக் கர்ப்பமே இல்லாமல் வயிறு உப்பும், பால்கூடச் சுரக்கும். எண்ணிக்கைக்கு ஸ்கேனை நம்ப வேண்டாம், குட்டிகளின் எலும்பு இறுகிய பிறகு கடைசி வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் போதும். சத்த அலையில் எடுப்பது ஸ்கேன், அதில் குட்டியைக் கல்லாக்கும் வெளிச்சம் எதுவும் கிடையாது. தங்கவேலு பெரியப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவரையும் ஒரு மாசம் கழித்து வரச் சொன்னாராம். அவர் வரவில்லை. நேராகக் கல்லிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அத்தை வளையல்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவரு ஏழுன்றாரு. இவங்க இப்ப தெரியாதுன்றாங்க. தெரியாதுன்றவங்க கிட்ட இன்னாத்துக்குடா போவணும்?"

ராத்திரியெல்லாம் அதே வாக்கியம் காதில் ஓடியது. தெரியாது என்று சொல்வதற்குப் படிக்க வேண்டும், தெரியும் என்று சொல்வதற்கு ஒரு நூல் போதும் என்று மறுநாள் எழுதினேன். அத்தையிடம் படித்துக்காட்டத் தைரியம் வரவில்லை.

மாலை வகுப்பில் என் பெஞ்சுக்காரன் நோயலிடம் சொன்னேன். கணக்குப் பாடத்தில் அவன் என்னைவிட மோசம். ஆனால் அவன் கேட்டது ஒரே கேள்வி.

"அந்தக் கல்லு எப்பனாச்சும் 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிக்கீதா மச்சா?"

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் போய் நின்று பார்த்தேன். ஒரு நாய்க்குக்கூட மணி அடிக்காமல் விடவில்லை. 'இல்லை' என்று சொல்லவே தெரியாத கல் 'உண்டு' என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அப்படியென்றால் சோதனை சுலபம். உள்ளே நிச்சயமாக ஒன்றும் இல்லாத ஒரு வயிறு வேண்டும். நோயலிடம் அது இருந்தது. பெயர் மேஜர். லேப்ரடார். ஆண். போதாததற்குக் குடும்பக் கட்டுப்பாடும் முடிந்தவன். பிஸ்கெட் தின்று தின்று வயிறு மட்டும் நிறைமாதம்.

ஒரு சோதனை போதுமா, மூன்று தடவை செய்து சராசரி பார்க்கலாமா என்று நான் யோசித்தேன். இன்னும் ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணினால் மேஜர் நிஜமாகவே குட்டி போட்டுவிடுவான் என்றான் நோயல்.

மூன்றாவது ஞாயிறு டைனிக்கு மந்திரித்த கயிறு வாங்க அத்தையும் வந்திருந்தாள். எங்களுக்கு வசதியாகப் போயிற்று. மேஜரைப் பெரிய பழக்கூடையில் படுக்கவைத்து, சாமியின் சட்டப்படியே மஞ்சள் துணியால் மூடிக் கொண்டுபோனோம். சாமி துணியைத் தொடவில்லை. நாயைத் தொட்டால் கல்லுக்குத் தீட்டு என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்ட கொள்கைக்கு நாங்கள் மனதார நன்றி சொன்னோம்.

கல் ஆடியது. மணி அடித்தது. கூட்டம் கூடவே எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. வட்டம், நேர், வட்டம். ஆறில் நின்றது.

"நாலு பொண்ணு, ரெண்டு ஆணு," என்றார் சாமி. "கல்லுக்கு ரெண்டு."

நோயல் கையைக் கட்டிக்கொண்டு, "தாய் நல்லாகீதா சாமி?" என்றான்.

"தாய்க்குக் கொஞ்சம் ரத்தம் கம்மி. மெஷின் பக்கம் மட்டும் இட்டுகினு போவாத."

"கல்லு தப்பா சொல்லாதுங்களே?"

"கல்லு பொய் சொல்லாது தம்பி. மனுஷன்தான் சொல்லுவான்."

அவர் வாயிலிருந்து அன்று வந்த ஒரே உண்மை அது. நோயல் துணியை உருவினான்.

மேஜர் எழுந்தான். உடம்பை உதறினான். கூடையிலிருந்து இறங்கி, மணி கட்டியிருந்த கம்பத்தை மோந்து பார்த்து, அதன்மேல் நிதானமாகப் பின்னங்காலைத் தூக்கினான். அங்கே நின்ற அத்தனை பேரும் நாய் வளர்ப்பவர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கல்லைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு ராட்வைலர் வரிசை. கடைசியில் லைன் முழுக்கச் சிரித்தது. மேஜர் தன் கடமையை முடித்து, நட்பாக வாலாட்டிக்கொண்டு சாமியை நோக்கிப் போனான். சாமி அலறிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினார். நூறாவது லெவல் வரைக்கும் பார்ப்பவருக்கு நாய் என்றால் பயம். தீட்டுக் கொள்கை எங்கே பிறந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஸ்டூல் மேலிருந்தபடியே, இது போன ஜென்மத்துக் கணக்கு என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். தங்கவேலு பெரியப்பா அவர் கையிலிருந்த நூலை வாங்கினார். காலிக் கூடைக்கு மேலே பிடித்தார். கல் ஆடியது. வட்டமாக, அழகாக. எல்லாரும் பார்த்தார்கள். பெரியப்பா குந்தி உட்கார்ந்து, முழங்கையை முட்டி மேல் ஊன்றி, மணிக்கட்டை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்தார். ஆட்டம் மெல்லக் குறைந்து, கல் சும்மா தொங்கியது.

"கை ஆடினாத்தான்டா ஆடுது," என்றார் மெதுவாக. மணிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். "ஆளுங்க உசுருக்கு அடிச்ச மணி இது. இவனுக்குப் போயி அடிச்சிகினு இருந்தேன்."

அத்தை முன்னால் வந்து நின்றாள். சிரிக்கவில்லை.

"அப்ப எங்க டைனிக்கு ஏழுன்னு சொன்னது?"

சாமி மேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் பக்கம் திரும்பினாள். "அந்த டாக்டரம்மா எப்ப வரச் சொன்னாங்க?"

சரியான நேரத்தில் போனோம். திரையில் சின்னச் சின்னதாக இதயங்கள் மினுக்கின. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். கடைசி வாரத்து எக்ஸ்ரேயில் மூன்று முதுகெலும்புகள். டாக்டர் எண்ணினார், அத்தை எண்ணினாள், நான் சந்தேகத்துக்கு இரண்டு தடவை எண்ணினேன். மூன்றுதான்.

ஒரு மத்தியானம் டைனி இரண்டு குட்டி போட்டுவிட்டு, போன தடவை மாதிரியே அமைதியாகப் படுத்தாள். பார்த்தால் எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. அத்தை கடையைத் திறக்கவில்லை. "இன்னும் ஒண்ணு கீதுடா," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நேரம் போகப் போக டாக்டருக்குப் போன் செய்தாள், பிறகு ஆட்டோ பிடித்தாள். மூன்றாவது கிளினிக்கில் பிறந்தது. கருப்பு உடம்பு, ஒரு கால் மட்டும் வெள்ளை. முதலில் மூச்சு இல்லை. டாக்டர் துடைத்துத் தேய்த்ததும் கத்தியது.

பார்க்க வந்த தங்கவேலு பெரியப்பா, கல் சொன்ன ஏழு என்ற எண்ணை நம்பியிருந்தால் பிறந்த மூன்றில் இரண்டு கல்லுக்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சிரித்தார். மனோகர் இப்போது பேத்தமங்களா பக்கம், அதே கல்லை வைத்துக்கொண்டு போர்வெல்லுக்கு இடம் பார்ப்பதாகக் கேள்வி. தண்ணீர் கடிக்காது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. போன வாரம் டாக்டர் லவினாவின் கிளினிக் வாசலில் ஒரு வரிசை பார்த்தேன். அதே முகங்கள், அதே நாய்கள். முதலில் நின்றவரின் நாய் முந்தாநாள்தான் சேர்ந்ததாம். உடனே ஸ்கேன் வேண்டுமாம். எதுக்குங்க என்று கேட்டேன். எல்லாரும் எடுக்கறாங்களே என்றார். இப்போது தெரியாது என்று டாக்டர் திருப்பி அனுப்பியதும், இந்த மெஷினுக்குப் பவர் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

கல்லை விட்டுவிட்டோம். வரிசையை விடவில்லை. எதற்கு, எப்போது, தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றையாவது வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடாதா? மேஜர் பிஸ்கெட்டுக்கு உயிரையே கொடுப்பவன். அவனே மோந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறான்.