விரலுக்கு ஓய்வு

பதினொரு வருடமாக என் வீட்டில் ஒரு சட்டம் அமலில் இருந்தது. என் விரல்கள் வீட்டு வேலை செய்யாது. நான் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவன். எள்ளைவிடச் சின்ன ஸ்க்ரூவைப் பிடிக்கிற விரல் பூண்டு உரித்தால் நடுங்கும், பாத்திரம் தேய்த்தால் மரத்துப்போகும். இது நானே கண்டுபிடித்த வைத்தியம். கல்யாணமான மறுவாரமே மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவளும் நம்பினாள். அல்லது நம்பியது மாதிரி இருந்தாள்.

நிஜமாகவே நம்பியவள் வேறு ஒருத்தி. ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள்.

போன மாதம் டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். "விரல்களில் பலம் போதவில்லை. பென்சில் நழுவுகிறது. பட்டன் போடச் சொன்னால், அப்பா மாதிரி விரலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். வீட்டில் பயிற்சி கொடுக்கவும்."

மனைவி டைரியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"இந்தக் காலத்துப் பசங்க இருக்காங்களே..."

"நீங்க எந்தக் காலத்துப் பசங்க?"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கடிகாரக்காரன் மகளுக்கு விரலில் பலம் இல்லை என்று வெளியே தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்? மகளுக்காக எதையும் செய்வேன் என்று அங்கேயே சபதம் போட்டேன். 'எதையும்' என்பதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மாலை மகள் ஒரு நோட்டை நீட்டினாள். கோணல்மாணலாக நாலு வரி. பூண்டு உரிக்கணும். பட்டாணி உரிக்கணும். துணிக்குக் கிளிப் போடணும். அறுந்த பட்டன் தைக்கணும். வகுப்பில் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம்.

"உக்காந்து பண்ணு கண்ணு."

"அப்பா பண்ணாதான் பண்ணுவேன்."

"உங்களைப் பாத்துதானே கத்துக்கறா," என்றாள் மனைவி. "கெட்டதையும் அப்படித்தானே கத்துக்கிட்டா?"

உட்கார்ந்தேன். மகள் இரண்டு பூண்டுப் பல் உரிப்பதற்குள் நான் இருபது உரித்தேன். என் விரல் நடுங்கவே இல்லை. மனைவி அதைக் கவனித்தாள். தினமும் புதுப் பட்டியல் வந்தது. மூன்றாவது வாரம் ஜன்னல் கம்பி துடைக்கச் சொன்னது. அதில் விரலுக்கு என்ன பயிற்சி என்று கேட்க நினைத்தேன். பள்ளிக்கூடத்தோடு மோத வேண்டாம் என்று துடைத்துவிட்டேன்.

நேற்று டீச்சரைப் பார்க்கப் போனேன்.

"இப்ப தானாவே பட்டன் போட்டுக்கறா. எழுத்தும் முத்து முத்தா இருக்கு."

"எல்லாம் நீங்க குடுக்கற லிஸ்ட்தான் மேடம். இன்னும் எத்தனை நாள் பண்ணணும்?"

"என்ன லிஸ்ட்? தினமும் நாலு வரி சொல்லி எழுத வைங்கன்னு உங்க மனைவிகிட்ட சொன்னேன். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஸ்கூல் லிஸ்ட்னு ஏன் பொய் சொன்ன?"

"ஸ்கூல்னு யாரு சொன்னா? நான் சொன்னேன், அவ எழுதினா, நீங்க பண்ணீங்க."

"இனிமே நீ எதுவும் சொல்லக் கூடாது."

"சரி, சொல்லல."

உடனே ஒப்புக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மகள் நோட்டோடு ஓடி வந்தாள்.

"அப்பா, இன்னைக்கு அம்மா சொல்லவே இல்ல. நானா யோசிச்சு எழுதினேன்."

கடை லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. 'அப்பா தட்டை இனிமே அப்பாவே கழுவணும்.'