ஓமனாவின் ஒட்டாத இறைச்சி

பொதுமக்களின் வயிற்றைக் காக்கும் பொறுப்பு சர்க்கார் கையில் இருப்பதால், 2006-ஆம் ஆண்டு கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். அங்கே ஜூ டவுன் என்னும் பழைய யூதத் தெருப் பக்கம் சாப்பிட்ட யாரோ ஒரு பெரிய மனிதர், "தட்டில் வைத்தது துண்டா, துணுக்கா என்றே தெரியவில்லை" என்று புகார் செய்திருந்தார். இறைச்சி முழுத் துண்டாக இருக்கிறதா என்று ஆராய்வதே அதிகாரியின் பணி.

அவர் பெயர் லக்ஷ்மிநாராயணன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். பரம்பரையில் யாரும் இறைச்சியைத் தொட்டதில்லை. ஆகவே பாரபட்சம் காட்ட மாட்டார் என்று மேலிடம் தீர்மானித்திருந்தது.

முதலில் சிஜுவின் ரெஸ்டாரண்ட். சிஜு இறைச்சிக் கடைகளில் மிஞ்சும் துணுக்குகளை மலிவாக வாங்குவான். ஒரு வெள்ளைப் பொடியைத் தூவி, பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுருட்டி, ஃப்ரிட்ஜில் வைப்பான். மறுநாள் எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகியிருக்கும். அதை வட்ட வட்டமாக அறுத்து 'ராயல் ஸ்டேக்' என்று விற்பான்.

அதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜீப் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இரண்டு முள்கரண்டிகளால் பலம் கொண்ட மட்டும் இழுத்தான். ஸ்டேக் அசையவில்லை.

"பேஷ், ஒரே துண்டு! அது என்ன பொடி?"

"ஒட்டுற பொடி, சாரே. பாக்கெட்டுல பச்சைப் புள்ளி இருக்கு, பாருங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "சைவமா? அப்படின்னா ஆட்சேபம் ஒண்ணுமில்லை."

அடுத்தது ஓமனாவின் சாப்பாட்டுக் கடை. சந்தையில் மூட்டை தூக்குபவர்கள் சாப்பிடும் இடம். ஓமனா போத்திறைச்சி என்னும் எருமைக்கறியை நல்லதாகப் பார்த்து வாங்கி, எலும்பு தானாகக் கழலும்வரை வேகவைப்பாள். டிரைவர் முள்கரண்டியை வைத்ததுமே அது நாலாகப் பிரிந்தது.

"என்ன ஓமனா, தொட்டதுக்கே பிரியறதே?"

"நல்லா வெந்திருக்கு, சாரே. வெந்த எறச்சி பின்னே பிரியாதா?"

"சிஜுவோடது பிரியலையே."

"அது நாப்பது போத்தோட துணுக்கு, சாரே! பசை போட்டு ஒட்டினது!"

"நாப்பது போத்து அங்கே ஒத்துமையா இருக்கு. இங்கே ஒத்தைப் போத்தால ஒத்துமையா இருக்க முடியலை. இதை நான் எப்படி அனுமதிக்கறது?"

'மேற்படி உணவில் ஒருமைப்பாடு காணப்படாத காரணத்தால்' கடைக்குப் பூட்டு விழுந்தது. கடை மூடிக் கிடந்த ஒவ்வொரு நாளும் ஓமனாவிடம் சாப்பிட்டுவந்த மூட்டைக்காரர்கள் வேறு கடைகளுக்கு நடந்தார்கள். வீட்டு அடுப்புக்கே ஆபத்து வந்தபோது அவள் சிஜுவிடம் போய் நின்றாள்.

"இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே, சேச்சி" என்று அவன் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினான்.

அன்றே அவளும் துணுக்குகளை வாங்கி, பொடி தூவி, இறுக்கிச் சுருட்டி வைத்தாள். மறுநாள் அதிகாரி வந்தார். டிரைவர் இழுத்தான், வியர்த்தான், தோற்றான். பூட்டு திறந்தது.

மூட்டைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். மென்றார்கள், மென்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒருவர் தாடையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இதல்லவா ஸ்டார் ஹோட்டல் சாப்பாடு! இத்தனை நாளும் கொழகொழன்னு வெச்சு எங்களை ஏமாத்தினியே, சேச்சி."

அன்று ஓமனா வீட்டுக்கு மட்டும் நல்ல இறைச்சி அரைக் கிலோ வாங்கி, பழையபடி பதமாக வேகவைத்து, மகள் ஜிஷாவுக்குப் பரிமாறினாள்.

ஜிஷா விரலால் தொட்டாள். பிரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டாள்.

"நல்லதையெல்லாம் கடையில வித்துட்டு, பெத்த பிள்ளைக்கு உடைஞ்சதா அம்மே?"